பிள்ளை நல்லா படிக்கணுமா? முதல்ல புத்தகத்தை மூடச் சொல்லுங்க!

வணக்கம்! ஒரே பாடத்தை உங்க பிள்ளை திரும்பத் திரும்ப வாசிக்குது. "நல்லா ஞாபகம் இருக்கும்மா"ன்னு சொல்லுது. அடுத்த வாரம் பரீட்சையில உட்கார்ந்தா ஒண்ணும் வரலை. பிள்ளை பொய் சொல்லுச்சா? கிடையவே கிடையாது!

2006-ல அமெரிக்காவுல, செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல, ரோடிகர், கார்பிக்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 120 கல்லூரி மாணவர்களுக்கு ரெண்டு சின்னக் கட்டுரை கொடுத்தாங்க. ஒண்ணு சூரியன், இன்னொண்ணு கடல் நீர்நாய். ஒண்ணை ரெண்டு தடவை படிக்கணும். மத்ததை ஒரே தடவை படிச்சு, மூடிவெச்சு, நினைவுல இருக்கறதை எழுதணும்.

[திரையில் 81, 75]

அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சோதிச்சா, ரெண்டு தடவை படிச்சதுல 81 சதவீதம் ஞாபகம் இருந்தது. மூடிவெச்சு எழுதினதுல 75தான். பார்த்தீங்களா, பிள்ளை சொன்னது அந்த அஞ்சு நிமிஷத்துக்கு உண்மை! ஒரு வாரம் கழிச்சு?

[திரையில் 42, 56]

அப்படியே தலைகீழ்! திரும்பப் படிச்சது 42-க்கு விழுந்துடுச்சு, மூடிவெச்சு எழுதினது 56-ல நிக்குது. இத்தனைக்கும் எழுதினதை யாரும் திருத்திக்கூடக் கொடுக்கலை. நினைவுல தேடி எடுத்த அந்த உழைப்பே போதுமானதா இருந்திருக்கு. எனக்கு எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காத விஷயம் இது. பிற்பாடு பள்ளிப் பிள்ளைங்ககிட்டயும் இந்த முறை பலன் தந்திருக்கு.

வீட்டுல என்ன செய்யலாம்? ஒரு பக்கம் படிச்சதும் மூடச் சொல்லி, "எனக்குச் சொல்லிக் கொடு கண்ணு"ன்னு கேளுங்க. மரியாதைப் பழக்கமும் இங்கதான் வருதுன்னு நான் நம்பறேன். பிள்ளை பேசும்போது போனைக் கவிழ்த்து வைங்க. தடுமாறினா உடனே எடுத்துக் கொடுக்காதீங்க, காத்திருங்க. தப்பு வந்தா, சொல்லி முடிச்சதும் ரெண்டு பேருமா புத்தகத்தைத் திறந்து பாருங்க. பெரியவங்க பேசும்போது குறுக்கிடக் கூடாதுன்னு நாம சொல்றதை, தன்னை ஒருத்தர் முழுசா கேட்டபோதுதான் பிள்ளை புரிஞ்சுக்கும். பாட்டி இருக்கற வீடுன்னா இன்னும் நல்லது. அவங்க கேக்கற "அப்புறம்?" இருக்கே, அதுதான் சரியான கேள்வி!

பாராட்டறப்போ "நீ புத்திசாலி"ங்கறதை விட, "யோசிச்சுச் சொன்னியே"ன்னு சொல்லுங்க.

இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு பக்கம் செஞ்சு பாருங்க. அதே பக்கத்தை அடுத்த வாரம் மறுபடி கேளுங்க. எவ்வளவு ஞாபகம் இருந்ததுன்னு கமெண்ட்ல எழுதுங்க, நான் ஒவ்வொண்ணையும் படிப்பேன்.