விடியக்காலை 4 மணிக்குக் குயில் எழுப்புதா? பறவைய விரட்டாம தூங்குறது எப்படி

வணக்கம். பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இந்தச் சத்தத்தக் கேட்டுடுங்க.

(குயில் சத்தம். ஒவ்வொரு கூவலும் ஒருபடி ஏறிப் போய், உச்சத்துல டக்குனு நிக்குது.)

இதுதான் இன்னைக்கு விஷயம். சென்னையில மார்ச்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் வேப்பமரம், நெட்டிலிங்கம் இருக்கிற எந்தத் தெருவுலயும் 4 மணி, நாலரைக்கே இது ஆரம்பிச்சிடும். மே கடைசியில சூரியனே 5.42-க்குதான் வருது. அதாவது சூரியனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல முன்னாடி.

கூவுறது ஆண் குயில். கறுப்பு உடம்பு, சிவப்புக் கண்ணு. பெண் குயில் பழுப்பு நிறத்துல புள்ளி புள்ளியா இருக்கும், அது "கிக் கிக் கிக்"னு கத்தும், அவ்வளவுதான். "பெண் குயில் பாடுது"ன்னு எழுதின கவிஞர்கள் எல்லாம் மன்னிக்கணும். இந்த நேரத்துல ஏன் கத்துதுன்னா, இரை தேடுற அளவு வெளிச்சம் இன்னும் வரல, காத்தும் அடங்கியிருக்கு, தெருவுல வண்டியும் இல்ல. "இது என் ஏரியா"ன்னு சொல்றதுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

முதல்ல ஒரு வேலை. உங்கள எழுப்புறது யாருன்னு தெரிஞ்சுக்கணும். ரெண்டு மூணு நாள் ஃபோன்ல ரெக்கார்டர் ஆன் பண்ணி ஜன்னல் ஓரமா வெச்சிட்டு, எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது, எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு குறிச்சுக்கோங்க. நல்லா இருட்டா இருக்கும்போதே கீச்சுக் குரலும் கரகரப்பும் கலந்து வந்தா கரிச்சான், நம்ம இரட்டைவால் குருவி. விசில் அடிக்கிற மாதிரி நீளமா, இனிமையா பாடினா குண்டுகரிச்சான். சூரியன் வர்றதுக்கு அரை மணி முன்னாடி மொத்தமா கூச்சல் போட்டா காக்கா. கொஞ்சம் வெளிச்சம் வந்த பிறகு ஏழெட்டுப் பேர் சண்டை போடுற மாதிரி கேட்டா தவிட்டுக்குருவிக் கூட்டம். சுவருக்குள்ளேர்ந்தே "க்கும் க்கும்"னு உறுமினா புறா. கண்ணாடிய "டக் டக்"னு தட்டினா, அது தனி கேஸ். இத ஏன் பிரிக்கச் சொல்றேன்னா, மரத்துல இருக்கிறதுக்கு வைத்தியம் உங்க ரூம்ல. கட்டடத்துல இருக்கிறதுக்கு வைத்தியம் கட்டடத்துல. மாத்திச் செஞ்சா காசுதான் போகும்.

மரத்துல இருக்கிற குயில விரட்ட முடியுமா? முடியாது. பிளாஸ்டிக் ஆந்தை வாங்கி வெச்சா சில நாள்ல பழகிடும், அதும்மேலயே காக்கா உக்காரும். பட்டாசு போட்டா பறந்து போயிட்டு அரை மணியில வந்துடும், பக்கத்து வீட்டுக்காரர்தான் திரும்பி வரமாட்டார். அல்ட்ராசோனிக் மெஷின்னு ஒண்ணு விக்கிறாங்க பாருங்க, அத வாங்காதீங்க. அது போடுற சத்தம் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல. பெரும்பாலான பறவைங்களுக்கு 10,000-ஐத் தாண்டினாலே சரியாக் காது கேக்காது. குயில் சத்தத்த ஃபோன்ல திருப்பிப் போடுறதும் வேண்டாம். இன்னொரு ஆண் வந்துடுச்சுன்னு நெனச்சு இன்னும் அதிகமா கத்தும்.

கூட்டக் கலைக்கிறதும் கிடையாது. குயில் கூடே கட்டாது, காக்கா கூட்டுலதான் முட்டை போடும். 1972 வனவிலங்குச் சட்டப்படி, பட்டியல்ல இருக்கிற பறவையோட முட்டையையோ கூட்டையோ தொந்தரவு பண்றதும் வேட்டைதான். "காக்காவுக்கு அதெல்லாம் இல்ல"ன்னு சொல்றவங்களுக்கு: தொல்லை தர்ற உயிரினம்னு காக்காவ வெச்சிருந்த தனிப் பட்டியலையே 2022 திருத்தத்துல எடுத்துட்டாங்க.

மரத்துப் பக்கம் நம்மால செய்ய முடிஞ்சது ரெண்டு. கறிவேப்பிலைப் பழம், நெட்டிலிங்கப் பழம், தேன்பழம் எல்லாம் குயிலுக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால படுக்கையறை ஜன்னலுக்கு நேரா தேன்பழ மரம் புதுசா வைக்காதீங்க. இருக்கிற மரத்த வெட்டவும் வேண்டாம். ரெண்டாவது, காம்பவுண்ட் லைட். ராத்திரி முழுக்க வெள்ளை எல்.இ.டி. மரத்துமேல அடிச்சா பறவை விடிஞ்சிடுச்சுன்னு சீக்கிரமே ஆரம்பிக்கும். லைட்ட கீழ பாத்தபடி திருப்பி, மேல ஒரு மறைப்பு போட்டு, மஞ்சள் பல்பா மாத்துங்க. ஆள் வந்தா மட்டும் எரியிற சென்சார் வெச்சா இன்னும் நல்லது.

காக்கைக்குச் சோறு வைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. வைங்க, ஆனா படுக்கையறை ஜன்னல் திட்டுல வேண்டாம். நேத்து சோறு கிடைச்ச இடத்துக்கு இன்னைக்கும் விடிஞ்சதும் வந்து கூப்பிடும். மொட்டைமாடிக்கு மாத்தி, எட்டு மணிக்கு மேல வைங்க. முதல் சில நாள் பழைய இடத்துல வந்து கத்தும். அப்ப மனசு இரங்கி அங்க வெச்சீங்கன்னா மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும்.

இப்ப ரூமுக்கு வருவோம். வீடியோவோட முக்கியமான பகுதி இதுதான். இந்த ஜன்னல் 4 அடிக்கு 4 அடி, ஸ்லைடிங். எல்லாரும் முதல்ல "கனமான கண்ணாடி போடுங்க"ம்பாங்க. இந்த விளிம்பப் பாருங்க, சுத்தி 3 மில்லிமீட்டர் இடைவெளி. சுத்தளவு 16 அடி, அதாவது 192 அங்குலம். கணக்குப் போட்டா ஏறத்தாழ 23 சதுர அங்குல ஓட்டை. ஜன்னலோட மொத்தப் பரப்புல 1 சதவீதம். 1 சதவீதம் திறந்திருந்தா, கண்ணாடி எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் மொத்தமா 20 டெசிபலுக்கு மேல தடுக்காது. அதனால இடைவெளி முதல்ல, கண்ணாடி அப்புறம்.

எங்க ஓட்டைன்னு கண்டுபிடிக்க, ஃபேன நிறுத்திட்டு ஊதுவத்தியக் கொளுத்தி ஓரமா நகத்துங்க. புகை எங்க ஆடுதோ அங்க காத்து வருது. இல்லன்னா ராத்திரி ஒருத்தர வெளிய நின்னு டார்ச் அடிக்கச் சொல்லிட்டு, உள்ள லைட்ட அணைச்சுப் பாருங்க. வழக்கமா மாட்டுறது: ரெண்டு கதவும் நடுவுல சேர்ற இடம், தேஞ்சுபோன பிரஷ் ஸ்ட்ரிப் (கதவு விளிம்புல ஓடுற மயிர்ப்பட்டை), ஏ.சி. குழாய் போற ஓட்டை, மேல இருக்கிற வென்டிலேட்டர். பிரஷ் ஸ்ட்ரிப் அலுமினியக் கடையில மீட்டர் கணக்குல கிடைக்கும். பழசுல ஒரு துண்டு எடுத்துட்டுப் போங்க. அடிப்பட்டை அகலமும் மயிர் உயரமும் பொருந்தணும். உயரம் அதிகமானா கதவு நகராது, குறைஞ்சா போட்டும் பிரயோஜனமில்ல. இங்க ஒரு எச்சரிக்கை: கீழ டிராக்ல சின்னச் சின்னதா இருக்கிற தண்ணி வடியிற ஓட்டைய சிலிகான் வெச்சு அடைச்சிடாதீங்க. ஐப்பசி மழையில தண்ணி ரூமுக்குள்ள வரும்.

சரி, ஏ.சி. இல்ல, மே மாசத்துல ஜன்னல மூட முடியாதுன்னா? அப்ப ஜன்னலுக்குச் சொன்ன எதுவும் உதவாது. கட்டில நகத்துங்க, தலை ஜன்னலுக்கு நேரா இல்லாம சுவருக்குப் பின்னாடி மறையணும். ஸ்டாண்டு ஃபேன ஜன்னலுக்கும் தலைக்கும் நடுவுல வெச்சு, படுக்கும்போதே ஓடவிடுங்க. முழிச்ச பிறகு போட்டா பலன் இல்ல. குயில் குரல் படிப்படியா ஏறி நிக்கிறதாலதான் காது அதுக்குப் பழகாம எழுந்துக்குது. ஒரே சீரான சத்தம் ஏற்கெனவே ஓடிட்டிருந்தா அந்த ஏத்தம் பாதி அமுங்கிடும்.

காதடைப்பு, இந்த ஸ்பாஞ்சு வகை. பாக்கெட்ல 30 டெசிபல் பக்கம் போட்டிருக்கும், தப்பாப் போட்டா அதுல பாதிகூடத் தேறாது. சுத்தமான கையால மெல்லிசா உருட்டுங்க. மத்த கைய தலைக்குப் பின்னாடி கொண்டுவந்து காதுமடல மேலயும் பின்னாடியும் இழுத்து, உள்ள விட்டு, விரிஞ்சு நிக்கிற வரைக்கும் 30 விநாடி அழுத்திப் பிடிங்க. வெளிய முக்கால்வாசி நீட்டிட்டிருந்தா சரியாப் போகல. காதுல சீழ், ஜவ்வுல ஓட்டை இருக்கிறவங்க போடக் கூடாது. அலாரத்த வைப்ரேஷன்ல தலையணைக்குக் கீழ வெச்சுக்கோங்க.

அடுத்தது புறா. ஏ.சி. அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னாடி உறுமினா, தகரமும் சுவரும் சேர்ந்து அதிரும், காதடைப்புல அடங்காது. வலைதான் வழி. புறாவுக்கு 50 மில்லிமீட்டர் கண்ணி, அதாவது வலையோட ஓட்டை, போதும், மைனாவுக்கு 28, சிட்டுக்குருவிக்கு 19. வெயில் தாங்குற ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக் வலையாக் கேளுங்க. சுத்தி கம்பி ஓட்டி விறைப்பா இழுத்துக் கட்டணும், தொய்வா விட்டா பறவை மாட்டிக்கிட்டுச் சாகும். ஏ.சி. பக்கம் ஜிப் வெச்சே தைக்கச் சொல்லுங்க. இல்லன்னா சர்வீஸுக்கு வர்றவர் வலைய அறுத்துட்டுப் போவார், மறுநாளே புறா குடிவந்துடும். வலை கட்டுறதுக்கு முன்னாடி முட்டை இருக்கான்னு பாருங்க. இருந்தா, குஞ்சு பொரிக்க 18 நாள், பறக்க நாலஞ்சு வாரம், ஆக ஏறத்தாழ ஏழு வாரம் பொறுக்கணும். காஞ்ச எச்சத்த அப்படியே பெருக்காதீங்க. தண்ணி தெளிச்சு நனைச்சு, முகக்கவசம் போட்டு எடுங்க.

கடைசியா அந்த "டக் டக்". குண்டுகரிச்சான், கொண்டைக்குருவி, தேன்சிட்டு எல்லாம் கண்ணாடியில தெரியிற தன் உருவத்தையே எதிரின்னு நெனச்சுக் கொத்தும். உள்பக்கம் திரை போட்டா நிக்காது. கண்ணாடிக்குப் பின்னாடி இருட்டு கூடி பிம்பம் இன்னும் தெளிவாத்தான் தெரியும். வெளிப்பக்கமா, கொத்துற உயரத்துல நியூஸ்பேப்பர் ஒட்டுங்க, இல்ல சோப்புக் கரைசல தடவிக் காயவிடுங்க. பைக் கண்ணாடியில இதே தொல்லைன்னா ராத்திரி ஒரு பழைய சாக்ஸ மாட்டிவிடுங்க. ஜன்னல்ல ஒட்டினது, தடவினது கூடு கட்டுற காலம் முடியிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.