சொன்னவரா, எழுதியவரா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஆசியச் செடிகொடிகளைப் பற்றி ஐரோப்பியர் அச்சிட்ட பழைய நூல்களின் பெருமை, சொன்ன உள்ளூராருக்கா, எழுதிய பயணிக்கா என்பது தலைப்பு. எழுதியவருக்கே என்று பேச வந்திருக்கிறேன். சற்றுமுன் எதிரணித் தலைவர் "நம் அறிவைத் திருடிப் புத்தகம் போட்டான் வெள்ளைக்காரன்" என்றதும் கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. சரி, அந்தத் திருட்டையே விசாரிப்போம்.

அவர் காட்டிய சாட்சி 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்', அதாவது 'மலபார்த் தோட்டம்'. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வந்த நூல். 740-க்கும் மேற்பட்ட தாவரங்கள், ஏறத்தாழ 790 படங்கள். தொகுத்தவர் கொச்சியை ஆண்ட டச்சுத் தளபதி வான் ரீடே. சொன்னவர்களில் முதன்மையானவர் சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். கூடவே ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்று மூன்று கொங்கணி அந்தணர்கள்.

இந்தத் திருடன் செய்ததைப் பாருங்கள். 1675 ஏப்ரலில் அச்சுதனிடம், செடிகளைப் பற்றிச் சொன்னது தாமே என்று அவர் கைப்பட ஓர் உறுதிமொழி வாங்குகிறான். அதை அவர் எழுத்திலேயே செதுக்கி முதல் பாகத்தில் அச்சிடுகிறான். அந்தணர் மூவரின் உறுதிமொழிக்கும் அதே மரியாதை. களவுப் பொருளின் மேல் சொந்தக்காரன் பெயரைப் பொறிக்கும் திருடனை எந்த ஊரில் பார்த்தீர்கள், ஐயா?

நூலைத் திறந்தால் முதலில் நிற்பது தென்னை, அதுவும் 'தேங்கா' என்ற பெயரில். உள்ளே இருப்பது லத்தீன், தலைப்பு மலையாளம். படங்களில் மலையாளம், அரபி, நாகரி எழுத்துகளிலும் பெயர்கள். அச்சுதன் மலையாளத்தில் சொன்னது போர்த்துக்கீசியத்துக்குப் போய், அங்கிருந்து டச்சுக்குப் போய், லத்தீனில் கரையேறியது. செடி பறித்துவர மட்டும் 200 பேர் வரை காட்டுக்குள் போனார்கள் என்பார்கள். பிள்ளைக்கே மருந்து ரகசியத்தைச் சொல்லாமல் கண்ணை மூடிய வைத்தியர்கள் நம்மிடையே எத்தனை பேர்! இத்தனை பேரை ஓரிடத்தில் உட்காரவைத்துப் பேசவைத்தது சின்ன வேலையா?

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் மிளகுக்காக வந்தவன்தானே என்பார்கள். ஆமாம், வந்தான்; அதை மறைக்கவில்லை. மிளகு வாங்க வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 12 பாகம் எழுதவைத்தவர்கள் எத்தனை பேர்?

இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவில் ரம்ஃபியஸ் என்று ஒருவர், அதே கம்பெனி ஊழியர், அத்தீவின் செடிகளைப் பற்றி நூல் எழுதியவர். 1670-ல் கண் போயிற்று. 1674 நிலநடுக்கத்தில் மனைவி சுசன்னாவும் ஒரு மகளும் மாண்டார்கள். 1687 தீயில் நூலுக்கான படங்கள் சாம்பல். மறுபடி வரையவைத்து 1692-ல் கையெழுத்துப் படியைக் கப்பலேற்றினால், பிரெஞ்சுக்காரர்கள் கப்பலை மூழ்கடித்தார்கள். படாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கம்பெனியின் கவர்னர் ஜெனரல் முன்யோசனையோடு ஒரு நகல் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தது. அப்புறமும் கம்பெனி பெட்டியில் பூட்டிவைத்தது. 1702-ல் அவர் இறந்தார். நூல் வெளிவரத் தொடங்கியது 1741-ல். வெள்ளை ஆர்க்கிட் ஒன்றுக்கு மனைவி பெயரைச் சூட்டியிருந்தார். இத்தனைக்குப் பிறகும் 'சும்மா எழுதினவர்' என்றா சொல்வீர்கள்?

செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டிய ஸ்வீடன்காரர் லின்னேயஸ் ஒரு செடிக்கு வான் ரீடே பெயரால் 'ரீடியா' என்றுதானே பெயர் வைத்தார், அச்சுதனை மறந்தாரே என்றும் கேட்டார்கள். நியாயமான கோபம், ஆனால் முகவரி தவறு. மறந்தது 1753-ல் ஸ்வீடனில் இருந்தவர். கொச்சியில் இருந்தவர் மறக்கவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரே கேள்வி. அச்சுதன் பார்த்துச் சொன்ன குடும்ப ஓலைச்சுவடி நம் கைக்கு வரவில்லை. அப்படியானால் இட்டி அச்சுதன் என்ற பெயர் யார் அச்சிட்ட தாளிலிருந்து உங்களுக்குக் கிடைத்தது? அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.