இரண்டு கேள்வித்தாள்களுக்கு நடுவில்

நேயர்களுக்கு வணக்கம்.

தம்பதி ஆலோசனைக்கு வருகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஒரு கேள்வித்தாள் கொடுப்பது உண்டு. தங்கள் உறவில் அவர்களுக்கு எவ்வளவு திருப்தி என்று அளக்கும் தாள் அது. இதில் பல வகை இருக்கிறது. 1976-இல் கிரஹாம் ஸ்பேனியர் என்ற ஆய்வாளர் வெளியிட்ட தாளில் 32 கேள்விகள். பண விஷயத்தில் ஒத்துப்போகிறீர்களா, சேர்ந்து சிரிப்பது உண்டா, மனதில் இருப்பதைத் துணையிடம் சொல்வீர்களா, இவரை ஏன் கட்டிக்கொண்டோம் என்று எப்போதாவது நினைத்ததுண்டா என்று அது போகும். இதோடு மனச்சோர்வை அளக்கும் இன்னொரு தாளையும் தருவோம். முதல் தாளில் மதிப்பெண் இறங்கியிருந்தால், இரண்டாவதில் ஏறியிருப்பது சாதாரணம். எது எதை இழுத்துக்கொண்டு வருகிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

மனச்சோர்வு என்றதும் அழுகைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். மருத்துவர்கள் பார்ப்பது வேறு. குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி, மனம் கீழேயே கிடக்க வேண்டும். அல்லது எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் போயிருக்க வேண்டும். இதனோடு தூக்கம், பசி, உடல்தெம்பு, கவனம் எல்லாம் கெடும். தேவையில்லாத குற்ற உணர்ச்சி வரும். இந்தப் பட்டியலில் தம்பதியரை அதிகம் பதம் பார்ப்பது அழுகை இல்லை, ஆர்வம் வற்றுவதுதான். அழுகிற துணையைப் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும், பக்கத்தில் போய் உட்காரத் தோன்றும். எதற்கும் அசையாத துணையைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

ஒரு மாலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு வேலையில் பதவி உயர்வு. படியேறி வரும்போதே சொல்லிக்கொண்டு வருகிறார். மனைவி படுக்கையில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். "நல்லதுங்க" என்கிறார். முகத்தில் ஒன்றும் இல்லை. கணவர் ஒரு நிமிடம் நிற்கிறார், அப்புறம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளி அறைக்குப் போய்விடுகிறார். 'என் சந்தோஷம் இவளுக்கு ஒரு பொருட்டே இல்லை' என்பது அவர் மனதில் ஓடுகிறது. உள்ளே இருப்பவர் மனதில் ஓடுவது: 'அவருடைய நல்ல நாளைக்கூட நான் கெடுத்துவிட்டேன்.' இருவரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. இப்படி ஒரு மாலை என்றால் ஒன்றும் ஆகாது. மூன்று மாதம் இப்படியே போனால், கேள்வித்தாளில் கணவரும் குறைந்த மதிப்பெண்தான் போடுவார்; அவருக்கு மனச்சோர்வு இல்லாமலேயே.

எல்லோருக்கும் நோய் இப்படி அமைதியாக வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலரிடம், குறிப்பாக ஆண்கள் பலரிடம், அது சிடுசிடுப்பாக வெளிப்படும். தொட்டதற்கெல்லாம் கோபம், வேலையில் போய் ஒளிந்துகொள்வது, குடி. வீட்டில் இருப்பவர்கள் 'இவருக்குத் திமிர் ஏறிவிட்டது' என்றுதான் நினைப்பார்கள்.

இதைவிடச் சிக்கலான ஒன்றை 1976-இலேயே ஜேம்ஸ் கோய்ன் என்ற உளவியலாளர் விவரித்தார். மனம் சோர்ந்தவருக்குத் தன்மேலேயே நம்பிக்கை போய்விடுகிறது. அதனால் துணையிடம் திரும்பத் திரும்ப உறுதி கேட்கிறார். "ஏங்க, என் மேல கோபமா?" "இல்லம்மா." கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "நிஜமா கோபம் இல்லையா? ஒரு மாதிரி இருக்கீங்களே?" "இல்லைன்னு சொன்னேன்ல." மூன்றாவது தடவை கேட்கும்போது பதில் வருகிறது, ஆனால் குரலில் சலிப்பும் சேர்ந்து வருகிறது. கேட்டவர் காதில் வார்த்தை விழுவதில்லை, சலிப்புதான் விழுகிறது. 'பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான்.' அதனால் இன்னும் அதிகமாகக் கேட்கிறார். துணை இன்னும் விலகுகிறார். வெறும் பயமாக இருந்தது இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாகிறது. பிறகு தாமஸ் ஜாய்னர் போன்றவர்கள் இந்த உறுதி தேடலையே தனியாக எடுத்து நிறைய ஆராய்ந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, இருவரில் எவரும் கெட்டவர் இல்லை என்பது. கேட்பவர் தொல்லை கொடுப்பதற்காகக் கேட்கவில்லை. பதில் சொல்பவரும் மனிதர்தான். ஒரே கேள்விக்கு ஒரே அன்போடு எத்தனை முறை பதில் சொல்ல முடியும்? வாயால் தரும் உறுதியை மனச்சோர்வு சீக்கிரம் கரைத்துவிடும். "கோபம் இல்லை. இன்று ரொம்பக் களைப்பு. குளித்துவிட்டு அரை மணியில் வந்து உன் பக்கத்தில் உட்காருகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி வந்து உட்கார்ந்தால் அது கொஞ்சம் நிற்கும். சொன்னபடி வருவதுதான் இதில் பாதி. வராவிட்டால் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அடுத்தது நினைவு. "உங்களோடு வாழ்ந்த இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் சந்தோஷமாக இருந்ததில்லை." மனம் சோர்ந்தவர் இப்படிச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் நொறுங்கிப்போகிறார். ஆல்பத்தை எடுத்துக் காட்டி வாதாடுகிறவர்களும் உண்டு. வாதாடிப் பயனில்லை. சொன்னவர் பொய் சொல்லவில்லை. மனம் சோர்ந்திருக்கும்போது சோகமான நினைவுகள்தான் சுலபமாக மேலே வரும் என்பது ஆய்வுகளில் நன்றாகத் தெரிந்த விஷயம். இன்னொன்றும் நடக்கும். இன்ன நாள், இன்ன இடம் என்று ஒரு குறிப்பிட்ட சம்பவத்தை எடுத்துச் சொல்வதே அவர்களுக்குக் கடினமாகிவிடும். 'எப்போதும் இப்படித்தான்' என்ற மொத்தத் தீர்ப்பு மட்டும் கையில் இருக்கும். ஆகவே நோய் உச்சத்தில் இருக்கும்போது நிரப்பிய திருப்தித் தாளை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன். பிரிவது, வேலையை விடுவது, வீட்டை விற்பது போன்ற பெரிய முடிவுகளைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்வதும் இதனால்தான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அடி, மிரட்டல், அவமானம் என்று ஒருவர் வாழ்ந்துகொண்டிருந்தால், "நோய் தெளியட்டும், அப்புறம் முடிவு செய்யலாம்" என்று அவரிடம் சொல்லக்கூடாது. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசும் தம்பதி ஆலோசனைகூட அங்கே பொருந்தாது.

இதுவரை நோய் உறவை என்ன செய்கிறது என்று பார்த்தோம். எதிர்த் திசையும் அதே அளவு உண்மை. ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இருவர் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் நடத்திய ஆய்வு 1978-இல் புத்தகமாக வந்தது. வாழ்க்கையில் பெரிய அடி விழும்போது யார் மனச்சோர்வில் விழுகிறார்கள், யார் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். கணவரிடமோ காதலரிடமோ மனம்விட்டுப் பேச முடியாத நிலை, ஒருவரை அந்த அடிக்கு எளிதில் பலியாக்கும் காரணங்களில் ஒன்று என்று கண்டார்கள். 1999-இல் மார்க் விஸ்மன், மார்த்தா புரூஸ் இருவரும் அமெரிக்காவில் மனச்சோர்வு இல்லாத மணமானவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த முடிவை வெளியிட்டார்கள். மணவாழ்க்கையில் அதிருப்தியோடு இருந்தவர்களுக்கு அடுத்த 12 மாதத்தில் கடும் மனச்சோர்வு வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆக, "உனக்கு நோய், அதனால்தான் எல்லாமே தப்பாகத் தெரிகிறது" என்று ஒருவர் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. சில வீடுகளில் உண்மையிலேயே எல்லாம் தப்பாகத்தான் இருக்கிறது.

துணையாக இருப்பவர் என்ன செய்கிறார் என்பதும் நோயின் போக்கை மாற்றும். ஜில் ஹூலி, ஜான் டீஸ்டேல் இருவரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அதில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர்களிடம் மிக எளிய ஒரு கேள்வி கேட்டார்கள்: உங்கள் துணை உங்களை எவ்வளவு குறை சொல்கிறார்? 1 முதல் 10 வரை ஒரு எண். நோய் திரும்ப வருமா வராதா என்பதை இந்த ஒரு எண், நீண்ட பேட்டிகளையும் திருப்திக் கேள்வித்தாளையும்விட நன்றாக முன்கூட்டியே சொன்னது. துணை நிஜமாக எவ்வளவு குறை சொன்னார் என்று அங்கே எண்ணவில்லை. எவ்வளவு குறை சொல்வதாகச் சிகிச்சை பெற்றவர் உணர்கிறார் என்பதுதான் கணக்கு. "நான் ஒன்றுமே சொல்லவில்லையே" என்று சத்தியம் செய்பவரின் பெருமூச்சுகூட அந்த எண்ணில் ஏறிவிடும்.

குறை சொல்லாத துணைகள் வேறு ஒன்றில் மாட்டிக்கொள்கிறார்கள். "நீ படும்மா, எல்லாத்தையும் நான் பார்த்துக்கிறேன்." முதல் சில வாரங்களுக்கு இது பெரிய உதவி. அப்புறம் பாருங்கள், துணி, பில், பிள்ளைகளின் பாடம், உறவினரின் தொலைபேசி எல்லாம் ஒருவர் தலையில். மற்றவருக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. படுத்திருப்பவர் என்ன கணக்குப் போடுவார்? 'நான் இல்லாமலேயே வீடு நன்றாக நடக்கிறது.' மனச்சோர்வில் இருப்பவருக்கு இதைவிட ஆபத்தான எண்ணம் கிடையாது. அதனால் ஒரே ஒரு சின்ன வேலையையாவது அவரிடமே விட்டுவையுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதோ, மகளுக்குப் பின்னல் போடுவதோ. சில நாள் நடக்காது. பரவாயில்லை, அதை ஓடிப்போய் நீங்கள் செய்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் சுமக்கும் அந்தத் துணையையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. யாராவது பார்க்க வந்தால் "அவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்பவர் அபூர்வம்.

தாம்பத்திய உறவு பற்றி இரண்டு வார்த்தை. வானொலியில் இதெல்லாம் வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். பேசாமல் விட்டதால்தான் பலர் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துகிறார்கள், ஆகவே பேசிவிடுகிறேன். மனச்சோர்வு உடலுறவில் நாட்டத்தைக் குறைக்கும். அதற்குத் தரப்படும் பரவலான மாத்திரைகள் சிலவும் நாட்டத்தைக் குறைக்கலாம், உச்சத்தைத் தாமதப்படுத்தலாம். துணைக்கு இது தெரியாவிட்டால், 'என்னைப் பிடிக்கவில்லை, வேறு யாரோ இருக்கிறார்கள்' என்று கற்பனை ஓடும். மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அளவை மாற்றவோ மருந்தையே மாற்றவோ வழி உண்டு. திடீரென்று நிறுத்துவதுதான் ஆகாது. அதேபோல் மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். நாலாம் நாளே "ஒரு மாற்றமும் தெரியலையே" என்று துணை கேட்கக்கூடாது.

சிகிச்சையில் ஒருவரைப் பார்ப்பதா, இருவரையும் பார்ப்பதா? 1990-இல் டேனியல் ஓலியரி, ஸ்டீவன் பீச் இருவரும், மனச்சோர்வும் மணவாழ்வில் பிணக்கும் சேர்ந்தே இருந்த பெண்களிடம் இதை ஒப்பிட்டார்கள். ஒரு பிரிவுக்குத் தனிநபர் சிகிச்சை, இன்னொரு பிரிவுக்குத் தம்பதியாகச் சிகிச்சை. இரண்டிலும் மனச்சோர்வு குறைந்தது. உறவுத் திருப்தி உயர்ந்தது தம்பதி சிகிச்சையில் மட்டும். 2018-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வெளியிட்ட மதிப்பாய்வும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது: மனச்சோர்வைக் குறைப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, உறவின் கசப்பைக் குறைப்பதில் தம்பதி சிகிச்சைக்குக் கை ஓங்கியிருக்கிறது. அதனால் நாங்கள் கேட்பது கால வரிசை. இந்த நோய் வருவதற்கு முன்னால் நீங்கள் எப்படி இருந்தீர்கள்? நன்றாக இருந்தோம் என்றால், நோயைக் கவனித்தாலே உறவு பெரும்பாலும் தானாக எழுந்துகொள்ளும். அப்போதே பேச்சுவார்த்தை இல்லை என்றால், மாத்திரை தூக்கத்தைத் தரும், பசியைத் தரும், அந்தப் பேச்சைத் தராது.

எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி: "அவர் எங்கேயும் வரமாட்டேன் என்கிறார், என்ன செய்வது?" முதலில், அவர் "நான் இல்லாவிட்டால் உனக்கு நிம்மதி" என்கிற மாதிரி பேசினால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 'ஆமாம்' என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். அப்படிப்பட்ட அவசரம் இல்லையென்றால், "நீங்க மாறிட்டீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். அது குற்றச்சாட்டாகக் கேட்கும். "மூணு வாரமா விடிகாலையிலேயே முழிச்சுக்கறீங்க, சரியா சாப்பிடறதில்ல. டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று உடம்பிலிருந்து தொடங்குங்கள். மனநல மருத்துவர் என்றால் மிரளுபவர்கள், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் வருவார்கள். அதற்கும் மறுத்தால், நீங்கள் மட்டும் ஒருமுறை ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். பாதி ஜோடி மட்டும் வந்தாலும் நாங்கள் உட்காரவைத்துப் பேசுவோம். பல வீடுகளில் மற்றவர், 'என்னைப் பற்றி அங்கே என்ன பேசினாய்?' என்று தெரிந்துகொள்வதற்காகவாவது அடுத்த முறை கூட வந்துவிடுகிறார்.

நன்றி, வணக்கம்.