தோலோலிங்: சாலையைப் பார்த்த மலை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கார்கில் போர் என்றால் உடனே டைகர் ஹில் என்பார்கள். 1999 ஜூலை 4 அன்று அது பாகிஸ்தான் படையிடமிருந்து மீட்கப்பட்டது; படங்கள் வந்தன, ஊரெங்கும் பட்டாசு வெடித்தது. ஆனால் போரின் போக்கு அதற்கு மூன்று வாரம் முன்பே, தோலோலிங் என்ற வேறொரு மலையில் மாறிவிட்டது என்பது என் கட்சி.

லடாக்கின் கார்கில் பகுதியிலுள்ள திராஸ் என்ற ஊருக்கு மேலே, ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில் நிற்கிறது தோலோலிங். அதன் அடியில் ஓடுகிறது ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலை. லடாக்கில் இருந்த படைகளுக்கு உணவும் வெடிமருந்தும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் அன்று போகவேண்டியிருந்தது. மலைமேல் பெரிய பீரங்கி எதுவும் தேவையில்லை. தொலைநோக்கியும் வானொலிக் கருவியும் வைத்திருக்கும் ஒரே ஒருவன் போதும். லாரி வரிசை வருவதைப் பார்த்துச் சொன்னால், எல்லைக் கோட்டுக்கு அப்பாலிருந்து குண்டு வந்து விழும். குளிர்காலத்தில் நாம் காவல் நிலைகளைக் காலி செய்துவிட்டு இறங்குவது வழக்கம்; அந்த நேரத்தில் பாகிஸ்தான் படையினர் மேலே புகுந்துகொண்டார்கள். அந்த வழக்கத்துக்கு நாம் கொடுத்த விலை இது.

ஏறியவர்களின் நிலைமையைச் சற்று எண்ணிப்பாருங்கள். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. காற்று மெலிந்த இடம்; பத்து அடி வைத்தால் மூச்சு வாங்கும். பகலில் அசைந்தாலே மேலிருந்து சுடுவார்கள், ஆகவே இரவில்தான் ஏற்றம். மேலே இருந்தவர்கள் கற்களை அடுக்கி அரண் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். மே மாதக் கடைசியில் நம் 18-ஆம் கிரெனேடியர்ஸ் படை திரும்பத் திரும்ப முயன்றது. மேஜர் ராஜேஷ் அதிகாரி அங்கேதான் வீழ்ந்தார். பிறகு போஃபர்ஸ் பீரங்கிகளைக் கொண்டுவந்து, கண்ணுக்குத் தெரியும் அரண்களை நேராகவே குறிவைத்து அடித்தார்கள். ஜூன் 13 அன்று இரண்டாம் ராஜ்புதானா ரைஃபிள்ஸ் சிகரத்தைப் பிடித்தது. அடுத்தடுத்த முகடுகளுக்கு ஏற அங்கிருந்துதான் வழி பிறந்தது.

திருச்சியில் பேசிவிட்டு ஒருவரைச் சொல்லாமல் இறங்க எனக்கு மனமில்லை. இதே ஊர்க்காரர், மேஜர் மாரியப்பன் சரவணன். அவர் போரிட்டது தோலோலிங்கில் அல்ல, பட்டாலிக் பகுதியில். பீகார் படைப்பிரிவின் முதல் அணியைச் சேர்ந்த வீரர்களை நடத்திச் சென்று மே 29 அன்று உயிரிழந்தார். பின்னர் வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. ஆனால் அவரது உடல் ஒரு மாதத்துக்கும் மேலாக அந்தச் சரிவிலேயே கிடந்தது. மேலே கண்கள் இருந்தன. கீழிருந்து யாரும் நெருங்க முடியவில்லை. முகடு கைக்கு வந்த பிறகு, ஜூலையில்தான் அவரைத் தூக்கி வர முடிந்தது.