கடல் கடந்து கேட்கப்பட்ட கேள்விகள்

அன்பார்ந்த நேயர்களுக்குப் பணிவான வணக்கம். வெளிநாட்டுப் பயணம் முடித்து ஊருக்கு வரும் எழுத்தாளன் இடையில் நிறுத்திவிட்டுப் போன வேலையை எவ்வாறு மீண்டும் கையில் எடுக்கிறான் என்பதைப் பற்றி இந்த வானொலியில் உரையாற்றுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் கடல் கடந்து வாழும் ஓர் உறவினரேனும் இல்லாத குடும்பங்கள் அரிதாகிவிட்ட இக்காலத்தில், பயணம் என்றால் என்ன, திரும்பி வருதல் என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவிலிருந்து வந்தவனுக்கு முதல் சில இரவுகள் நித்திரை வராது. இங்கே இரவு இரண்டு மணியாகும்போது, குளிர்காலமாயின், சுவிற்சர்லாந்தில் முந்திய இரவு ஒன்பதரை மணிதான். உடம்பு அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. விழித்திருக்கும் அந்த நேரத்தில் நிறைய எழுதிவிடலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். நான் அந்த நேரத்தில் எழுதியவை பெரும்பாலும் நன்றிக் கடிதங்களே.

உடம்பு நேரத்துக்கு வந்த பிறகுதான் உண்மையான இடையூறு தொடங்குகிறது. ஊர் முழுவதும் ஒரே கேள்வியைக் கேட்கிறது: "அங்க என்ன பார்த்தீங்க?" திண்ணையில் கேட்கிறார்கள், தேநீர்க் கடையில் கேட்கிறார்கள், கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கேட்கிறார்கள். பனியைப் பற்றியும், நிமிடம் தவறாத தொடருந்தைப் பற்றியும், ஒரு தேங்காயின் விலையைப் பற்றியும் சொல்லிச் சொல்லி, எந்த இடத்தில் கேட்பவர்கள் சிரிப்பார்கள், எந்த இடத்தில் வாய் பிளப்பார்கள் என்பது பழகிப்போய், அந்த அனுபவம் நாக்கில் இறுகிவிடுகிறது. அவ்வாறு இறுகியதை என்னால் பின்னர் எழுத முடிவதில்லை. சொல்லச் சொல்லத்தான் எனக்கு எழுத வரும் என்று கூறும் எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

நான் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. அங்கே நாம் கண்டதைக் காட்டிலும், அங்கே வாழும் நம்மவர்கள் நம்மிடம் கேட்டது எழுத்துக்குப் பெரிய மூலதனம். புலம்பெயர்ந்தவர்கள் கேட்கும் கேள்விகளை நாம் ஏக்கம் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறோம். ஊரை விட்டுப் பல ஆண்டுகளுக்கு முன் சென்றவரின் மனத்தில், நாம் நாள்தோறும் பார்த்துப் பார்த்துக் காணாமலே விட்ட ஊர் ஒன்று இருக்கிறது. அந்த ஊரைப் பற்றி அவர் கேட்கும்போது, உள்ளூர்க்காரனான நான்தான் பதில் தெரியாமல் விழிக்கிறேன்.

சூரிச் நகரில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வேளாண்மை செய்தவர். இளம் வயதில் நாட்டை விட்டவர். தேநீரைக் கையில் தந்துவிட்டு அவர் கேட்ட முதற் கேள்வி, "தம்பி, மண்முனைத் துறையில இப்ப பாதைக்கு எவ்வளவு நேரம் நிக்கணும்?" என்பதாகும். வாவியைக் கடக்க ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். யப்பான் நாட்டு உதவியுடன் கட்டப்பட்ட பாலம் 2014ஆம் ஆண்டு அங்கே திறக்கப்பட்டதையும், கொக்கட்டிச்சோலைக்குப் போகிறவர்கள் இப்போது வாகனத்தை விட்டு இறங்காமலே வாவியைக் கடக்கிறார்கள் என்பதையும் எடுத்துச் சொன்னேன். பாலத்தைப் பற்றி அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. தொலைபேசியில் படமும் வைத்திருந்தார். என்றாலும் கேட்டார். பிறகு சற்று யோசித்துவிட்டு, "அப்ப சனமெல்லாம் எங்க நிண்டு கதைக்கிற?" என்றார்.

நேயர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. தான்தோன்றீஸ்வரர் ஆலயத் தேரோட்டத்துக்குப் போகும் கூட்டத்தில் நானும் சிறுவனாக அந்தத் துறையில் நின்றிருக்கிறேன். தயிர்ச்சட்டி கொண்டுபோகிறவர், நெல் வாங்கப் போகிற வியாபாரி, மாற்றலாகிப் போகும் ஆசிரியர், ஆசுபத்திரியில் கிடக்கும் மகளைப் பார்க்கப் புறப்பட்ட தாய் ஆகியோர் வேறெங்கும் ஒருவரோடொருவர் முகம் பார்த்துப் பேச நியாயமில்லை. பாதை மறுகரையில் நிற்கும்வரை ஒருவராலும் அவ்விடத்தை விட்டுப் போக முடியாது என்பதனாலேயே அங்கே பேச்சுப் பிறந்தது. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட வாய்ப்பான இடம் ஏது?

பாலம் வந்ததை நான் குறை கூறுவதாக எவரும் எண்ண வேண்டாம். மாரியில் வாவி பெருகிய நாட்களில் நோயாளியைக் கரையில் வைத்துக்கொண்டு தவித்த குடும்பங்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். போர்க்காலத்தில், 2007ஆம் ஆண்டுவரை, அந்த வாவியின் இரு கரைகளும் இரு வேறு ஆட்சிகளின் கீழ் இருந்தன என்பதும், அக்காலத்தில் துறையில் நின்றவர்கள் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமலே நின்றார்கள் என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். பேச்சுப் பிறந்த அதே இடத்தில் பேச்சு அடங்கியும் இருந்தது. அந்தப் பெரியவருக்கு இந்த இரண்டாவது காலம் தெரியாது. எனக்குத் தெரியும், ஆயினும் அவர் கேட்கும்வரை இரண்டையும் நான் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை.

நான் புறப்படுமுன் பாதியில் விட்டுச் சென்ற நாவலில் ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வருகிறாள். அவள் கரையேறிய பிறகு என்ன செய்வாள் என்பது பிடிபடாததனால் கையெழுத்துப் பிரதி மேசையில் கிடந்தது. ஊர் திரும்பியதும் நான் மேசைக்குப் போகவில்லை. பாதை இன்னும் ஓடிக்கொண்டிருந்த குருமண்வெளித் துறைக்குப் போனேன். மண்டூருக்குப் போகிற சனத்தோடு நின்றேன், பாதையில் ஏறினேன், மறுகரையில் இறங்காமல் அதே பாதையில் திரும்பினேன். பாதை ஓட்டியவர் என்னை ஒருமாதிரியாகத்தான் பார்த்தார். பலமுறை அவ்வாறு போய் வந்த பின்னரே, அந்தத் தாய் இப்போதைக்குக் கரையேற வேண்டியதில்லை, துறையிலேயே நிற்கட்டும் என்பது எனக்குத் தெளிந்தது. ஒரு வரியில் கடந்திருந்த காத்திருப்பு இப்போது ஓர் அத்தியாயமாக வளர்ந்திருக்கிறது. சூரிச் நகரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இந்த இடத்தில் காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த சுவாமி விபுலாநந்தரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்தில் ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றுக்கு ஆசிரியராக இருந்தார். ஆண்டுக்கணக்கில் தேடி, 1947ஆம் ஆண்டு யாழ்நூலை வெளிக்கொணர்ந்த அந்தப் பேரறிஞர்தான் மட்டக்களப்பு வாவியின் நிலாக்கால இசையை நீரரமகளிர், அதாவது நீரில் வாழும் தேவமகளிர், பாடுவதாகக் கற்பனை செய்து பாடியவர். பழந்தமிழ் இசையை ஆராய்ந்த மனத்தில் கல்லடி வாவியும் இருந்திருக்கிறது. அவரைப் பற்றித் தனியாகவே ஓர் உரை ஆற்றலாம். கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.

பயணக்கட்டுரை எழுதுவதா, எழுதுவதாயின் எப்போது என்பதைப் பற்றி விரிவாகப் பேசுவதற்குக் குறிப்புகள் கொண்டுவந்திருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், உடனே எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. போகிற இடத்தில் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்துக்கொண்டு, நம்மவர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே குறித்துவைக்குமாறு இளம் எழுத்தாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

எஞ்சியிருக்கும் நிமிடத்தில் உங்களிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். மண்முனைத் துறையில் பாதை ஓட்டியவர்களோ அவர்களுடைய பிள்ளைகளோ இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால், இருட்டிய பிறகு அவசரமாக வந்தவர் மறுகரையில் நின்ற பாதையை எவ்வாறு அழைத்தார், குரல் கொடுத்தாரா, விளக்குக் காட்டினாரா என்பதை இந்த நிலையத்தின் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த அத்தியாயத்துக்கு அது வேண்டியிருக்கிறது. நன்றி, வணக்கம்.