கெட்டிமேளமும் கெர்னல் கடிகாரமும்

அவைத்தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, பொன்னாடை போர்த்திய துறைத்தலைவர் அம்மா அவர்களே, சாப்பாட்டு நேரத்திலும் எழுந்து போகாத மாணவச் செல்வங்களே, வணக்கம். டைமர், நினைவகம், வலையமைப்பு என மூன்றையும் பேசுவேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். நிகழ்நேரக் கணினிக்கும் அதுதான் இலக்கணம். வேகம் அப்புறம்; வேளை தவறக்கூடாது.

என் அக்கா மகள் கல்யாணம். ஐயர் கையைத் தூக்கி, “கெட்டிமேளம், கெட்டிமேளம்!” என்கிறார். சத்தமே இல்லை. தவில்காரர் பந்தியில், மூன்றாவது இட்லியில் இருக்கிறார்! மாப்பிள்ளை தாலியும் கையுமாக முழிக்கிறார். சித்தப்பா ஒரு தாம்பாளத்தை எடுத்துத் தட்டுகிறார். எச்சில் கையை வேட்டியில் துடைத்தபடி ஓடிவந்த தவில்காரர் வாசித்தாரே ஒரு வாசிப்பு, பிரமாதம்! ஆனால் மூன்றாவது முடிச்சே விழுந்தாகிவிட்டது.

பழைய லினக்ஸ் இயங்குதளம் அந்தத் தவில்காரர்தான். கெர்னல் என்பது அதன் மையப் பகுதி. சாதாரண பிசியில் 2.4 பதிப்புக் கெர்னலின் டைமர் நொடிக்கு 100 முறை தட்டும். நடுவில் எழுப்பச் சொன்னால் அடுத்த தட்டு வரை, 10 மில்லிநொடி கூட, காத்திருக்க வேண்டும். இதைச் சரிக்கட்ட, 1990களில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் யோடைகனும் பரபனோவும் ஆர்டிலினக்ஸ் என்ற நிகழ்நேர லினக்ஸைச் செய்தார்கள். பிறகு இத்தாலியின் மிலானில் மன்டெகாட்சா குழு அதே வேலைக்கு ஆர்டிஏஐ செய்தது. இரண்டுமே டைமர் சில்லைத் தம் கைக்கு எடுத்துக்கொண்டன. இன்டரப்ட், அதாவது வன்பொருள் குறுக்கிட்டுத் தரும் அழைப்பு, முதலில் நிகழ்நேரப் பகுதிக்குத்தான் போகும். ‘இன்டரப்ட்டை நிறுத்து’ என்று லினக்ஸ் சொன்னால் மென்பொருளில் ஓர் அடையாளக் குறி மட்டும் மாறும், வன்பொருள் நிற்காது. லினக்ஸுக்குப் போலித் தட்டு ஒன்றை அனுப்பிவிடுவார்கள். பாவம், சில்லு தன்னிடமே இருப்பதாக அது நம்பிக்கொண்டிருக்கும்!

ஆர்டிஏஐயில் சீராகத் தட்டவும் விடலாம், ஒவ்வொரு முறையும் அடுத்த வேளையைச் சில்லில் குறித்தும் வைக்கலாம். பின்னது துல்லியம். ஆனால் பழைய பிசிகளின் 8254 என்ற டைமர் சில்லில் திரும்பத் திரும்ப எழுதுவதற்கே மைக்ரோநொடிகள் போய்விடும். 2006இல், 2.6.16 பதிப்பில், லினக்ஸுக்கே நுண்டைமர் கட்டமைப்பு வந்தது. 2024இல், 6.12 பதிப்பில், அதுவரை வெளியே தனியாக இருந்த நிகழ்நேரத் திருத்தத் தொகுப்பும் உள்ளேயே சேர்ந்துவிட்டது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? மூலநிரல் திறந்து கிடந்தது, படித்தேன். முதல்வர் அவர்களே, காசு கேட்கவில்லை. ஆய்வகத்தில் மூலநிரல் படிக்க வாரம் ஒரு மணி நேரம், தமிழில் விளக்கத்தோடு. எந்த மேடைக்குப் போனாலும் இதைத்தான் கேட்கிறேன், கேட்டுக்கொண்டே இருப்பேன்.

மணி அடித்துவிட்டார்கள். நினைவகமும் வலையமைப்பும் இன்னொரு நாள். அடுத்த செமஸ்டர் கால அட்டவணையை இந்த வாரம்தான் போடுகிறீர்களாமே? ஆடிப்பட்டம், ஐயா! மனு இதோ இருக்கிறது, பேனாவும் இருக்கிறது.