புது நாணயத்தில் மூன்று குறைகள்: திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா?

வணக்கம். கோவைப் பக்கம் விசைத்தறி ஊரான சோமனூரிலிருந்து பேசுகிறேன். பின்னால் தறிச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று இரண்டு தறிகளை மட்டுமே நிறுத்தி வைக்க முடிந்தது. எட்டு மாதங்களாகக் காத்திருந்த 100 ரூபாய் நினைவு நாணயம் வந்துவிட்டது என்று போன காணொளியில் துள்ளிக் குதித்தவன், இன்று அதே நாணயத்தைத் திருப்பி அனுப்பலாமா என்ற யோசனையோடு உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறேன். கைக்கு வந்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் முறையிட வேண்டும் என்பது நாணயச்சாலையின் விதி. நாளை ஏழாம் நாள்.

எந்த நாணயம், எந்த நாணயச்சாலை என்று சொல்லப்போவதில்லை. நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே வைர வடிவக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா என்பதைப் பல காணொளிகளில் சொல்லியிருக்கிறேன்; அதனால்தான் இன்று அந்த இடத்தை விரலால் மறைத்துக்கொண்டு காட்டுகிறேன். குறை சொல்லும்போது பெயர் சொல்வதில்லை என்ற என் பழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அரசிதழ் அறிவிப்பில் உள்ளபடி 44 மில்லிமீட்டர் விட்டம், 35 கிராம் எடை, பாதி வெள்ளி, 40 சதவீதம் செம்பு, மீதியில் நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து சதவீதம். நம் ஊர் நகைக்கடைத் தராசில் வைத்தபோது 35.02 என்று காட்டியது. விளிம்பில் 200 பற்கள் இருக்க வேண்டும். எண்ணினேன். முதல் முறை 203 வந்தது, இரண்டாம் முறை 199 வந்தது. பிறகு தொடங்கிய இடத்தில் சிறிய ஒட்டுத்தாள் ஒன்றை வைத்துக்கொண்டு, குச்சி முனையால் பத்துப் பத்தாக எண்ணியபோது சரியாக 200 வந்தது. இதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரத்துக்காக நான் சிறிதும் வருந்தவில்லை.

இனி குறைகள். இதைப் பார்க்க நான் பயன்படுத்தியது நகைக்காரர்களின் கண்ணாடி அன்று. துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பாவு நூல், எத்தனை ஊடை நூல் என்று எண்ணுகிற நம் பிக் கிளாஸ்தான். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும், மடக்கினால் சட்டைப் பையில் அடங்கும், விலையோ சொற்பம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வெளிநாட்டு லூப் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

முதல் குறை, சிங்க முகத்தூணுக்கு இடப்புறம், கண்ணாடி போல மின்னும் வெற்றிடத்தில், முடி போன்ற வளைந்த ஒரு கோடு. பெட்டியில் ஒட்டியிருந்த நூல் தூசி என்று நினைத்து ஊதினேன், போகவில்லை. வெல்வெட் பெட்டிகளை எனக்கு அறவே பிடிக்காது என்பதால் பழியை முதலில் அதன் மேல்தான் போட்டேன். பிக் கிளாஸை வைத்துச் சாய்வு வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான், கோடு நாணயத்துக்குள் பதிந்திருப்பதும், பள்ளத்தின் அடியும் வழவழப்பாக இருப்பதும் தெரிந்தது. கீறலாக இருந்தால் கோடு நேராக ஓடும், இரு கரைகளிலும் உலோகம் பிதுங்கி நிற்கும். இங்கே நடந்தது வேறு. ப்ரூஃப் நாணயத்துக்கு, அதாவது சேகரிப்பவர்களுக்காகக் கண்ணாடி போல மின்னும்படி அடிக்கும் நாணயத்துக்கு, அச்சையும், அச்சடிக்க வெட்டி வைத்த உலோக வட்டமான வில்லையையும் மெருகேற்றித் துணியால் துடைக்கிறார்கள். அந்தத் துணியிலிருந்து உதிர்ந்த ஓர் இழை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், அழுத்தத்தில் தன் உருவத்தை நாணயத்தில் பதித்துவிட்டுப் போய்விடுகிறது. வாழ்நாள் முழுவதும் பஞ்சுத் தூசியைத் தின்று வளர்ந்த சோமனூர்க்காரனுக்கு, அரசாங்கத்தின் நாணயத்திலும் ஒரு நூலிழைதான் வந்து சேர வேண்டுமா?

இரண்டாவது, பின்பக்கத்தில் எழுத்துகளுக்கு நடுவே ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள். இவை மேடானவை, விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் மேடா பள்ளமா என்பது பிடிபட்டுவிடும். நாணயத்தில் மேடாக இருக்கிறதென்றால் அச்சில் பள்ளமாக இருந்திருக்கிறது என்று பொருள். அச்சை மெருகேற்றும்போது விழுந்த கோடுகள் அவை. எழுத்துகளின் அருகே வந்ததும் சட்டென்று நின்றுவிடுவதும் அதற்குச் சான்று. எழுத்துகள் அச்சில் குழியாக இருப்பதால் மெருகுக் கல் அவற்றுக்குள் இறங்குவதில்லை. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியில், குறையின் மேல் இருந்த கோபமே பாதி தணிந்துவிட்டது.

மூன்றாவதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. கடிகார முள்ளின் ஐந்து மணி நிலையில், விளிம்பில் ஒரு சிறிய நெளிவு. இரண்டு பற்கள் சேர்ந்து நசுங்கியிருக்கின்றன. நசுங்கிய இடத்தின் ஓரத்தில் உலோகம் பிதுங்கிப் புதிதாக மின்னுகிறது. அச்சடிப்பதற்கு முன்பே வில்லையில் அடி பட்டிருந்தால், அழுத்தத்தில் அது பெரும்பாலும் அமுங்கிப் போயிருக்கும். எனவே இது அச்சடித்த பிறகு பட்ட அடி என்று முடிவுக்கு வந்தேன்.

நேற்று மனம் பொறுக்காமல் நம் துணிச் சோதனைக் கணக்கையே இதற்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு புள்ளி முறையில் மூன்று அங்குலம் வரையுள்ள பழுதுக்கு ஒரு புள்ளி. 100 சதுர கஜத்துக்கு 40 புள்ளிகளைத் தாண்டினால் பொதுவாகத் துணி தேறாது. நாணயத்தின் ஒரு முகம் ஏறத்தாழ 15 சதுர சென்டிமீட்டர். அதில் ஒரே ஒரு பழுது என்றாலும், 100 சதுர கஜத்துக்குப் பெருக்கினால் 55,000 புள்ளிகள் வருகின்றன. இப்படி ஒரு துணியை நான் நெய்திருந்தால் வாங்குகிறவர் என்னைத் தறியிலேயே கட்டிவைத்திருப்பார். ஆறு மீட்டருக்கு ஒரு ஊடை அறுந்திருக்கிறது என்று பீஸைத் திருப்பி அனுப்புகிறவர்களை இதே சேனலில் நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன் என்பதும் நினைவுக்கு வந்து தொலைத்தது.

வீட்டில் யாருக்கும் இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. "ஏனுங்க, அந்தக் கண்ணாடி இல்லாமப் பார்த்தா தெரியுதுங்களா?" என்றாள் மனைவி. அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நாணயங்களுக்குத் தரச்சான்று வழங்கும் என்.ஜி.சி. நிறுவனம்கூட 70 என்ற முழு மதிப்பெண்ணுக்கு, ஐந்து மடங்கு பெருக்கத்தில், தயாரிப்புக்குப் பின் ஏற்பட்ட குறை தெரியக்கூடாது என்றுதான் வரையறுத்திருக்கிறது. நான் பார்ப்பதோ பத்து மடங்கில். அம்மா, "கண்ணு, புளி போட்டுத் தேய்ச்சா எல்லாம் போயிருமே" என்று எழுந்தே விட்டார். பெட்டியை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். ப்ரூஃப் நாணயத்தைத் தேய்த்தால் அதன் கண்ணாடிப் பரப்பு முழுவதும் மயிரிழைக் கீறலாகிவிடும். இதை நீங்களும் உங்கள் அம்மாக்களிடம் சொல்லி வையுங்கள்.

சொல்ல மறந்துவிட்டேன், பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். எனக்கு வந்து சேர 6,000 ரூபாயைக் கொஞ்சம் தாண்டியது. விதிகளை மூன்று முறை படித்தேன். மாற்று நாணயம் தருவோம் என்ற உறுதி எங்கும் இல்லை, முறையீட்டை ஏற்றால் பணம் வரும் என்பதோடு சரி. முன்பதிவு முடிந்துவிட்டதால் மறுபடியும் வேண்டுமென்றால் வியாபாரியிடம்தான் போக வேண்டும், அவர் சொல்கிற விலையையும் கொடுக்க வேண்டும். திருப்பி அனுப்பும் ஸ்பீடு போஸ்ட் செலவும் காப்பீடும் என் தலையில். பொள்ளாச்சிப் பக்கத்தில் பிறந்த முன்னாள் மத்திய அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் நூற்றாண்டுக்கு 2010-இல் வந்த ஐந்து ரூபாய் நாணயத்தை முன்பு காட்டினேன் அல்லவா? பேருந்தில் நடத்துநர் கொடுத்த சில்லறையில் கிடைத்தது. முகம் முழுக்கக் கீறல். ஆனாலும் என் தொகுப்பிலேயே அதுதான் எனக்குச் செல்லம். புதிதாக வாங்கியதிடம் மட்டும் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்று கேட்டால், 6,000 ரூபாய் கொடுத்தவன் கறாராகத்தான் இருப்பான் என்பதே என் பதில்.

ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன். அச்சோடு வந்த குறைகளான இழையும் மெருகுக் கோடுகளும் நாணயத்தின் பிறவி அடையாளம், அவற்றை மன்னித்துவிடலாம். அச்சுக்குப் பின் பட்ட அடியை மன்னிக்கத் தேவையில்லை. அதன்படி விளிம்பு நெளிவுக்காகத் திருப்பி அனுப்புவது என்று இன்று காலை முடிவு செய்து, பழுப்பு டேப்பையும் எடுத்துவைத்துவிட்டேன். முறையீட்டோடு பெட்டியைப் பிரிக்கும் காணொளியையும் இணைக்க வேண்டும் என்பதால், நீங்கள் போன வாரம் பார்த்த அதே காணொளியின் முழுப் பதிவை ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு முதலிலிருந்து பார்த்தேன்.

பிளாஸ்டிக் உறை இறுகியிருந்ததையும், நான் நகத்தால் நெம்பியதையும் பார்த்திருப்பீர்கள். உறை திடீரென்று திறந்துகொள்ள, நாணயம் கையுறையிலிருந்து நழுவுகிறது. அடுத்த நொடியே பிடித்துவிடுகிறேன். போன வாரம் அந்தப் பிடியைப் பற்றிப் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். பின்னணி இசையை நீக்கிவிட்டுக் கேட்டால், அந்த இடைவெளியில் தெளிவாக ஒரு "ணங்" கேட்கிறது. மேசையில் அப்போது திறந்து கிடந்த இரும்புப் பொருள் ஒன்றே ஒன்றுதான். என்னுடைய பிக் கிளாஸ்.

நாணயத்தின் எந்தப் பக்கம் அதன் சட்டத்தில் பட்டது என்பது கை மறைப்பதால் தெரியவில்லை. கால் வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. நெளிவு நாணயச்சாலையிலிருந்தே வந்திருக்கலாம். ஆனால் அந்தப் பதிவைச் சான்றாக அனுப்பினால் "ணங்" சத்தமும் கூடவே போகும். சத்தத்தை வெட்டிவிட்டு அனுப்பலாம் என்று பக்கத்துத் தறிக்காரர் யோசனை சொன்னார். அது என்னால் ஆகாது. டேப்பை மறுபடியும் அலமாரியில் வைத்துவிட்டேன். நாணயம் இங்கேயே இருக்கட்டும். 44 மில்லிமீட்டருக்கு நல்ல உறை, நகத்தால் நெம்பத் தேவையில்லாததாக, எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.